அதிபர் தேர்தலும் தகுதி என்னும் சொல்லும்

உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியராகிய நண்பர் ஒருவர் சில நாட்களுக்கு முன் ஒரு மாணவனின் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். “சிங்கப்பூர் அதிபர் ஆவதற்கு உரிய தகுதி யாது?” என்பது வினா. “ஐம்பது கோடி வெள்ளி” என்று ஒரே வரியில் விடை எழுதியிருந்தான் மாணவன். நண்பர் சிரித்தார், யானும் சிரித்தேன். ஆயினும் வீடு திரும்பிய பின் அந்த விடையை முற்றும் பிழை என்று தள்ளுவதற்கு மனம் வரவில்லை. சட்டத்தைப் படித்தவன் பாதியும், செய்தித்தாளைப் படித்தவன் மீதியும் எழுதிய விடை அது. 2023ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் எழுந்த பூசல்கள் அனைத்தையும் திரும்ப எண்ணிப் பார்த்தால், அவை யாவும் ‘தகுதி’ என்னும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே எழுந்தவை என்பது புலனாகும். சொல்லைப் பற்றிய பூசல் என்றால் தமிழாசிரியர்க்கு அதில் பங்கு உண்டன்றோ?

முதலில் பதவியின் இயல்பை நோக்குவோம். ஆர்ச்சர்ட் சாலையை அடுத்த இஸ்தானா மாளிகை, ஒரு காலத்தில் ஆங்கில ஆளுநர் வாழ்ந்த இல்லம். இலண்டனிலிருந்து அனுப்பப்பட்டவரே அன்று ஆளுநர். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இங்குள்ளார் எவர்க்கும் இல்லை. 1959இல் யூசோப் இஷாக் யாங் டி பெர்த்துவான் நெகாரா ஆனார். 1965இல் நாடு தனித்த பின் அவரே முதல் அதிபர் ஆனார். அதன் பின்னரும் நெடுங்காலம் நாடாளுமன்றமே அதிபரைத் தேர்ந்தது. மக்கள் வாக்களித்துத் தேர்வதற்கான சட்டத்திருத்தம் 1991இல் வந்தது. முதல் வாக்களிப்பு 1993 ஆகஸ்ட்டில் நடந்தது.

மக்கள் தேர்ந்தாலும் அதிபர் ஆட்சி நடத்துபவர் அல்லர். முன்னைய அரசுகள் சேர்த்து வைத்த இருப்புநிதியை இன்றைய அரசு எடுக்க விரும்பினால் அதற்கு இசைவளிப்பதும் மறுப்பதும், முதன்மையான அரசுப் பதவிகளுக்குரிய நியமனங்களை ஏற்பதும் தடுப்பதும் அவர் கடமை. கருவூலத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அரசிடம், மற்றொன்று அவரிடம் என்பர். ஆகவே இத்தேர்தலில் நிற்பவர் “இன்னது செய்வேன்” என்று கூற இயலாது. 2023இல் விலைவாசி பற்றியும் வேலைவாய்ப்பு பற்றியும் பேச்சு எழுந்தபோதெல்லாம், அவை அதிபர் அதிகாரத்துள் அடங்கா என்ற மறுப்பும் உடன் எழுந்தது. “செய்வேன்” என்னும் வினைமுற்றை எடுத்துவிட்டால் வேட்பாளர்க்கு எஞ்சுவது “யான் இத்தகையேன்” என்பது ஒன்றே. இலக்கணம் கற்பிப்போர்க்கு இது எளிதில் விளங்கும்: இது தெரிநிலை வினைக்கு இடமில்லாத தேர்தல், குறிப்பு வினையால் நடக்கும் தேர்தல். ஆளைப் பற்றிய பேச்சன்றி வேறு பேச்சுக்கு அங்கே வழியில்லை.

அந்த ஆளை முன்கூட்டியே சலிக்க ஒரு சல்லடை உண்டு. நாற்பத்தைந்து வயது நிரம்பியிருத்தல் வேண்டும்; எக்கட்சியிலும் உறுப்பினராக இருத்தல் கூடாது. அமைச்சர், தலைமை நீதிபதி, நாடாளுமன்ற நாயகர் போன்ற பொதுப்பதவியில் மூன்றாண்டு இருந்திருக்கலாம். அல்லது பங்குதாரர் மூலதனம் சராசரியாக ஐம்பது கோடி வெள்ளிக்குக் குறையாத நிறுவனம் ஒன்றின் தலைமை நிர்வாகியாக இருந்திருக்கலாம். இவற்றுக்கு ஒப்பான அனுபவம் உடையோரை ஆராய்ந்து ஏற்கவும் அதிபர் தேர்தல் குழுவுக்கு உரிமை உண்டு. மாணவனின் விடையில் பிழை எங்கே என்றால், ஐம்பது கோடி நிறுவனத்தினது, வேட்பாளரின் சட்டைப்பையினது அன்று. குழு தரும் தாளுக்கு நம் செய்தித்தாள்கள் இட்ட பெயரையும் காண்க: தகுதிச் சான்றிதழ்.

இனி நம் நூல்களில் ‘தகுதி’ எப்பொருளில் வழங்குகிறது? திருக்குறளில் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் முதற் குறள் இச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. அங்கே தகுதி என்பதற்கு உரையாசிரியர் பரிமேலழகர் கூறும் பொருள் நடுவு நிலைமை என்பதே. பகைவர், அயலார், நண்பர் ஆகிய மூவரிடத்தும் அறம் பிறழாது ஒரே தன்மையாய் நிற்றலையே அவர் அச்சொல்லில் காண்கிறார். செல்வமும் பதவியும் வயதும் அப்பொருளில் இல்லை. இன்று நாம் ‘தகுதி’ என்று ஒன்றையும் ‘சார்பின்மை’ என்று வேறொன்றையும் பிரித்துப் பேசுகிறோம். வள்ளுவர்க்கோ அவை இரண்டும் ஒன்றே.

இப்பிரிவினால் வந்த குழப்பத்தை 2023ஆம் ஆண்டுக் களத்தில் கண்டோம். வணிகர் ஜார்ஜ் கோ, தம் ஐந்து நிறுவனங்களின் மூலதனத்தை ஒருங்கு கூட்டிக் காட்டி விண்ணப்பித்தார். குழு அதனை ஏற்கவில்லை. சான்றிதழ் பெற்றோர் மூவர். ஜிஐசி என்னும் அரசு முதலீட்டு நிறுவனத்தில் முதலீட்டுத் தலைவராக இருந்த இங் கோக் சோங், மூத்த அமைச்சராக இருந்து விலகிய தர்மன் சண்முகரத்னம், என்டியுசி இன்கம் காப்புறுதி நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி டான் கின் லியான். ஆகஸ்ட் 22ஆம் நாள் கிங் ஜார்ஜ் அவென்யூவில் உள்ள மக்கள் கழகத் தலைமையகத்தில் மூவரும் வேட்புமனு அளித்தனர். தேக்காவிலிருந்து நடந்தே சென்றுவிடலாம், அத்துணை அருகு.

சான்றிதழின் மை உலரும் முன்பே டான் கின் லியான் சில ஆண்டுகளாக முகநூலில் இட்டுவந்த பதிவுகள் பற்றிய பூசல் வெடித்தது. தெருவில் கண்ட பெண்களின் படங்களை இட்டு, அவர்தம் அழகைக் குறித்து எழுதிய பதிவுகள் அவை. பெண்கள் நல அமைப்பு கண்டித்தது. தமக்கு எதிரான அவதூறு முயற்சி இது என்றார் அவர். மனம் புண்பட்டோரிடம் மன்னிப்பும் கேட்டார். தகுதியை ஆராய்ந்தபோது அப்பதிவுகளைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று தேர்தல் குழு கூறியது. ஈண்டுக் குழுவைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வேட்பாளர் நேர்மையும் நல்லொழுக்கமும் நற்பெயரும் உடையவர் என்று குழு மனநிறைவு கொள்ள வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது. மூலதனக் கணக்கை ஏட்டில் பார்த்துவிடலாம். ஒழுக்கத்தை எந்த ஏட்டில் பார்ப்பது? பத்தாண்டு முகநூலைப் புரட்டும் வேலையை ஊரார் ஒரே இரவில் செய்து முடித்தனர். சல்லடையில் நில்லாதது மக்கள் கையில் நின்றது.

தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் ஒருவனைத் தெளிவதற்கு அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்று நான்கு சோதனைகள் கூறப்படுகின்றன. அவற்றுள் பொருட் சோதனை யாது? பொருளைக் காட்டி ஆளை அசைத்துப் பார்ப்பது. எவ்வளவு பொருளை ஆண்டான் என்பதன்று, பொருள் அவனை ஆண்டதா என்பதே அங்கே கேள்வி. நம் சட்டத்தின் ஐம்பது கோடி முதற்கேள்விக்கு விடை தரும். இரண்டாவதற்குத் தராது.

அடுத்த பூசல் சார்பின்மை பற்றியது, இதுவே பெரிது. தாம் எக்கட்சியிலும் இருந்ததில்லை என்பதை இங் கோக் சோங் தம் முதன்மையான சிறப்பாகச் சொன்னார். தர்மன் இருபது ஆண்டுக்கு மேல் மக்கள் செயல் கட்சியில் இருந்தவர். துணைப் பிரதமராகவும் இருந்தவர். தேர்தலுக்கு இரு மாதம் முன்புதான் விலகியவர். சார்பின்மை மனப்பாங்கில் உள்ளது, தம் பணிவரலாற்றைக் கண்டு அதனை மதிப்பிடுக என்பது அவர் வாதம். டான் கின் லியானோ அரசிடமிருந்து விலகி நிற்பவர் தாமே என்றார். அவரும் அதே கட்சியில் பல்லாண்டு உறுப்பினராக இருந்தவர். ஆகஸ்ட் 27ஆம் நாள், 2011ஆம் ஆண்டுத் தேர்தலில் போட்டியிட்ட டான் செங் போக், டான் ஜீ சே இருவரும் டான் கின் லியானுக்கு ஆதரவு தெரிவித்தனர். இருவரும் அரசியற் கட்சி வாழ்வில் தோய்ந்தவர்கள். கட்சிக்கு அப்பாற்பட்ட பதவியை இது கட்சி அரசியலாக்குகிறது என்று இங் கோக் சோங் கடிந்தார். சார்பின்மைக்குச் சார்பாளர் தேடிய கதை ஆயிற்று.

மூவர் வாதத்திலும் ஒரே கருத்து அடிப்படையாய் இருந்ததைக் காண்க. தொடர்பு குறையக் குறையச் சார்பின்மை மிகும் என்பதே அது. தர்மன் ஒருவரே அதனைச் சற்று மறுத்தார். இக்கருத்து நம் நூலுக்கு ஒத்ததன்று. தெரிந்து தெளிதல் அதிகாரத்திலேயே, சுற்றமும் தொடர்பும் அற்றவரைத் தெளிய வேண்டா என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. உலகத்தோடு பற்று இல்லாமையால் அத்தகையோர் பழிக்கு நாணமாட்டார் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நடுவு நிலைமை என்பது நண்பனும் பகைவனும் இருக்கும் இடத்தில்தான் உண்டு. இருவரும் இல்லாதவனுக்கு அது தேவையில்லை. உண்டா இல்லையா என்று அறியவும் வழியில்லை.

இதற்குச் சான்று தேட நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1993இல் மக்கள் தேர்ந்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங், ஆளுங்கட்சியின் தலைவராகவும் துணைப் பிரதமராகவும் தொழிற்சங்கத் தலைமைச் செயலாளராகவும் இருந்தவர். தொடர்பு என்றால் அதனினும் நெருங்கிய தொடர்பு உண்டோ? அவரை எதிர்த்து நின்ற சுவா கிம் இயோவ் முன்னாள் தலைமைக் கணக்காளர். வாக்குக் கேட்டு அதிகம் அலைந்தவரும் அல்லர். எனினும் நூற்றுக்கு நாற்பத்தொருவர் அவருக்கே வாக்களித்தனர். கட்சிக்காரர் கையில் சாவியைக் கொடுக்க அஞ்சியோர் அத்துணைப் பேர். ஆனால் பதவியேறிய ஓங் என்ன செய்தார்? காக்கச் சொன்ன இருப்புநிதி எவ்வளவு, அரசுச் சொத்துகள் யாவை என்று முழுப் பட்டியல் கேட்டார். அதைத் தயாரிக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆள்-ஆண்டு உழைப்பு வேண்டும் என்று அவருக்கு விடை வந்தது. மீண்டும் போட்டியிடாமல் விலகிய 1999இல், இம்மனக்குறையைச் செய்தியாளர் முன் வெளிப்படையாகக் கூறினார். அரசும் நாடாளுமன்றத்தில் தன் விளக்கத்தை அளித்தது. யார் பக்கம் நியாயம் மிகுதி என்பது வேறு வினா. பழைய தோழர்களிடமே கணக்குக் கேட்டார் என்பதுதான் நமக்கு வேண்டுவது. அவரது நடுவு நிலைமையை 1993இல் எந்தக் குழுவும் சான்றளித்திருக்க இயலாது. நாற்பத்தொரு விழுக்காட்டினரும் ஊகித்திருக்க இயலாது.

இவ்வாறு கூறுவதனால் கட்சித் தொடர்பு பற்றிய ஐயமே கூடாது என்று கூறுகின்றேன் அல்லேன். நேற்றுவரை முதற்சாவியை வைத்திருந்தவரிடமே இன்று இரண்டாம் சாவியைத் தருவது பற்றிக் கேள்வி எழுவது இயல்பு, எழ வேண்டும். அக்கேள்விக்கு உறுப்பினர் அட்டையைப் பார்த்து விடை சொல்லிவிடலாம் என்று எண்ணுவதே பிழை.

நம்மவர் இத்தகைய இடங்களில் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டி மகிழ்வது வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையில் கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கியது போற்றத்தக்கதே. ஆனால் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் அங்கும் வேண்டப்பட்டன. அது அந்தணர் சபை. சலித்தெடுத்த பின் தேர்ந்தது மக்களும் அல்லர். குடத்தில் கைவிட்ட சிறுவன். ஐம்பது கோடிக்கும் கால் வேலிக்கும் ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளி உண்டு. கருத்தில் அத்துணை இடைவெளி இல்லை. சல்லடை மிக நுண்ணிதானால் நேர்வதை 2017இல் பார்த்தோம். மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட அத்தேர்தலில், சாலே மரிக்கான், ஃபரிட் கான் ஆகிய வணிகர் இருவரும் ஐம்பது கோடி வரம்பை எட்டாமையால் விலக்கப்பட, ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார். நாடாளுமன்ற நாயகராக இருந்த அவர் தகுதியில் குறைந்தவர் என்று எவரும் கூறார். ஆயினும் அவரை மக்கள் எடைபோடவில்லை என்ற குறை அவரைச் சுற்றி நின்றது. அது அவர் செய்த குறையன்று. வாக்களிப்பு நடந்திருந்தால் அவருக்கே நலமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2023 செப்டம்பர் முதல் நாள் மக்கள் எடைபோட்டனர். நூற்றுக்கு 70.4 வாக்கு தர்மனுக்கு. ஏறத்தாழ 16 இங் கோக் சோங்குக்கு. ஏறத்தாழ 14 டான் கின் லியானுக்கு. அன்னாசிப்பழச் சின்னத்தைச் சீனர் தம் ஹொக்கியன் மொழியில் நல்வரவின் அறிகுறியாகக் கொள்வர். அச்சின்னத்தில் நின்றவர் இலங்கைத் தமிழ் வழியினர். மறுநாள் சிராங்கூன் சாலை உணவுக்கடைகளில் “நம்மாளு ஜெயிச்சாச்சு” என்ற பேச்சே பேச்சு. நம் மேடைகளும் அதையே செந்தமிழில் கூறின.

அம்மகிழ்ச்சியை யான் குறை கூறேன், எனக்கும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்நாட்டு மக்களில் இந்தியர் பத்தில் ஒரு பங்கும் இல்லை. தமிழர் அதனினும் குறைவு. நூற்றுக்கு எழுபது வாக்கு தேக்காவில் விளைந்ததன்று. எதிரே நின்ற இருவரும் சீனராக இருக்க, சீன வாக்காளர் பெருந்தொகையினர் நம்மவர் பிறர் என்று பாராமல் ஆளைப் பார்த்து இட்ட வாக்கு அது. அவர்கள் விட்டுவிட்ட ‘நம்மவர்’ என்னும் சொல்லை நாம் எடுத்துச் சூடிக்கொண்டோம். பகைவர், அயலார், நண்பர் என்ற பகுப்பைக் கடந்து நிற்பதே தகுதி என்றால், அன்று அத்தகுதி வாக்களித்தவரிடம் மிகுதியாகவும் வாழ்த்துரைத்த நம்மிடம் சற்றுக் குறைவாகவும் இருந்தது. தமிழர் ஒருவர் தோற்று, சிறந்த சீனர் ஒருவர் வென்றிருந்தால் அதே மேடைகள் என்ன பேசியிருக்கும் என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

நண்பர் அந்த விடைத்தாளுக்கு மதிப்பெண் இடாமலே என்னிடம் கொடுத்துவிட்டுச் சென்றிருந்தார். பாதி மதிப்பெண் இட்டுத் திருப்பினேன். அடுத்த முறை வினாவைத் திருத்தி அமைக்குமாறும் கேட்டுக்கொண்டேன்: “தகுதி யாது?” என்பதற்கு மாற்றாக, “சட்டம் வேண்டும் தகுதி யாது? வாக்காளர் காண வேண்டிய தகுதி யாது?” என்று இரண்டாக.