தாயம் இல்லாத பரமபதம்

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம். ஆனாலும் தாயக்கட்டை உண்டு. ஏற்றமும் இறக்கமும் நம் கையில் மட்டும் இல்லை என்று அந்த ஆட்டமே ஒத்துக்கொள்கிறது. 2013இல் வந்த ஹாபிட்டிகா போன்ற செயலிகள் அன்றாடப் பழக்கங்களை ஆட்டமாக்குகின்றன: செய்தால் புள்ளி, தவறினால் உயிர் குறையும். தாயம் பிடுங்கப்பட்டுவிட்டது. தோற்றால் பழி முழுக்க 'சுயத்தின்' மேல்.

ஆம்பூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே ஷூ அப்பர் தைக்கும் பெண்களுக்கு இது புதுசா என்ன? ஜோடிக் கணக்கில்தான் கூலி. பிள்ளைக்குக் காய்ச்சல், கரண்ட் இல்லை, சரக்கு வரவில்லை, எதுவும் கணக்கில் ஏறாது. அன்றைக்குப் பூஜ்யம். இந்தக் கூலிக்கணக்கைத்தான் செயலி மனசாட்சியாக உள்ளே நட்டுவைக்கிறது. சோம்பேறி யாரென்று அப்புறம் பேசலாம். கட்டம் போட்டது யாரு, அதை முதலில் கேட்போம்.