9 டாலர் டாங்கிள், 6,000 டாலர் ஹெட்போன்

சென்ஹைசர் ஹெச்டி 650 ஹெட்போன் 2003-இல் வந்தது. இருபது ஆண்டுகளைத் தாண்டியும் ஹெட்போன் பிரியர்கள் மற்றவற்றை இதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஹைஃபைமேன் சுஸ்வரா இதற்கு நேர் எதிர். பிளேனார் மேக்னெடிக் வகையைச் சேர்ந்த இது, 6,000 டாலர் விலையில் அறிமுகமானது. இரண்டையும் அடுத்தடுத்து மூன்று கருவிகளில் செருகிப் பார்க்கலாம். முதலாவது, 9 டாலருக்குக் கிடைக்கும் ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள். இரண்டாவது, 99 டாலருக்கு வந்த ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம் ஆம்ப். மூன்றாவது, வாங்கியவரே சால்டரிங் செய்து பூட்டிக்கொள்ளும் பாட்டில்ஹெட் கிராக் என்ற வால்வு ஆம்ப். ஆறு ஜோடிகள். விலைப்பட்டியலை வைத்து இவற்றில் எது பொருந்தும் என்று ஊகித்தால் பாதி தப்பாகும்.

பொருத்தம் பார்க்க மூன்று எண்கள் போதும்: ஹெட்போனின் இம்பீடன்ஸ், அதன் உணர்திறன், ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ்.

ஹெச்டி 650-இன் இம்பீடன்ஸ் 300 ஓம். "300 ஓமா? அப்படியென்றால் பெரிய ஆம்ப் வேண்டுமே" என்பது கடைப் பேச்சு. ஆனால் இது ஒரு வோல்ட்டிலேயே 103 டெசிபல் ஒலி தருகிறது. அதற்குச் செலவாவது 3.3 மில்லிவாட்தான். சுஸ்வராவின் இம்பீடன்ஸ் 60 ஓம். எண்ணைப் பார்த்தால் எளிதாகத் தோன்றும். உணர்திறனோ ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். இசையின் உச்சத் தருணங்களில் 110 டெசிபல் எட்ட வேண்டுமென்றால் ஹெச்டி 650-க்கு 2.2 வோல்ட், சுமார் 17 மில்லிவாட் தேவை. அதே உச்சத்துக்கு சுஸ்வரா கேட்பது 5.5 வோல்ட், 500 மில்லிவாட். ஏறக்குறைய முப்பது மடங்கு.

ஆப்பிள் டாங்கிள் அதிகபட்சம் ஒரு வோல்ட் தரும். ஹெச்டி 650-ஐ அதில் மாட்டினால் உச்சம் 103 டெசிபல். சராசரி 75 டெசிபல் அளவில் திரைப்பாடல் கேட்பவருக்கு இது தாராளம். வயது வந்தவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதை உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பு வரம்பாக வைத்திருக்கிறது. அதற்குள் நிற்பவருக்கு இந்தக் குட்டி டாங்கிள் பெரும்பாலும் குறை வைக்காது. தாழ்ந்த அளவில் பதிவான ஆர்கெஸ்ட்ரா இசையில்தான் வால்யூம் கடைசிவரை ஏறிய பிறகும் 'இன்னும் கொஞ்சம்' என்று கை தேடும். ஐரோப்பாவில் விற்கும் டாங்கிள் அரை வோல்ட்தான் தருகிறது. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாங்கிளைச் செருகினாலும் ஒலி இதேபோல் அடங்கிப்போகும். இதைக் கவனிக்காமல் ஹெட்போனைக் குறை சொல்பவர்கள் உண்டு.

சுஸ்வராவை அதே டாங்கிளில் மாட்டினால் உச்சம் 95 டெசிபல். சத்தம் வரும், பாட்டும் புரியும். டிரம் அடி மட்டும் போதிய உரப்போடு எழாது.

அடுத்தது ஆட்டம். 32 ஓம் சுமையில் ஒரு வாட் தரும் இந்த ஆம்ப் அங்கே சுமார் 5.7 வோல்ட் எட்டுகிறது. 60 ஓமில் அந்த வோல்ட்டேஜ் குறைய வேண்டிய காரணமில்லை. சுஸ்வரா கேட்கும் 5.5 வோல்ட் கிடைத்துவிடுகிறது. 99 டாலர் ஆம்ப், 6,000 டாலர் ஹெட்போனை 110 டெசிபல்வரை கொண்டுபோய் விடுகிறது! அதற்கு மேல்தான் மூச்சு வாங்கும். 115 டெசிபல் உச்சம் வேண்டுமானால் ஒன்றரை வாட்டுக்கு மேல், கிட்டத்தட்ட 10 வோல்ட் தேவைப்படும். சுஸ்வராவையும் அதே நிறுவனம் அதற்கு முன் கொண்டுவந்த ஹெச்இ-6-ஐயும் ஸ்பீக்கர் ஆம்பிலேயே இணைத்துக் கேட்பவர்கள் இருப்பது இதனால்தான். பேலன்ஸ்டு வெளியீட்டின் பயனும் பெரும்பாலும் இங்கேதான். அதில் வோல்ட்டேஜ் இரட்டிப்பானால் கூடுதலாக 6 டெசிபல் கிடைக்கும். 17 மில்லிவாட் போதும் என்கிற ஹெச்டி 650-க்கு அதனால் பெரிய லாபமில்லை.

கிராக் தனி ரகம். வெளியீட்டில் மின்மாற்றி கிடையாது. 12ஏயூ7, 6080 என்ற இரு வால்வுகள்தான் வேலையைச் செய்கின்றன. வெளியீட்டு இம்பீடன்ஸ் சுமார் 120 ஓம். ஆட்டமில் இது ஒரு ஓமுக்கும் கீழே. ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பது பொது விதி. கிராக் அதை ஹெச்டி 650-இடமே மீறுகிறது. ஆனால் விளைவு சுவையானது. ஹெச்டி 650-இன் 300 ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் 300 அல்ல. 100 ஹெர்ட்ஸ் அருகே அது 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. இம்பீடன்ஸ் கூடிய இடத்தில் ஹெட்போனுக்கு வோல்ட்டேஜின் பெரிய பங்கு போய்ச் சேரும். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் ஒலி ஒரு டெசிபல் எழும்புகிறது. பேஸ் கிட்டாரின் ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிப்பகுதியும் இந்த வட்டாரம்தான். இயல்பிலேயே கதகதப்பான ஹெச்டி 650 கிராக்கில் இன்னும் சற்றுத் திரண்டு ஒலிக்கிறது. 'வால்வின் இனிமை' என்று பாராட்டப்படுவதில் ஒரு பகுதி இந்த ஒரு டெசிபல். மீதியில் வால்வு சேர்க்கும் ஹார்மானிக் சிதைவுக்கும் பங்குண்டு.

சுஸ்வராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிளேனார் வகையில் இம்பீடன்ஸ் ஏறக்குறைய சமதளம் என்பதால் பேஸ் எழும்பாது. 120 ஓமுக்கும் 60 ஓமுக்கும் நடுவே வோல்ட்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகும். வால்வுகளும் அந்தக் கரண்டைக் கொடுத்துச் சமாளிக்காது.

சரி, தேவையான வோல்ட்டையும் கரண்டையும் தந்து, வெளியீட்டு இம்பீடன்ஸும் குறைவாக உள்ள இரண்டு ஆம்ப்களுக்கு நடுவே என்ன வித்தியாசம்? விமர்சனங்களில் 'திரை விலகியது', 'மேடை விரிந்தது' என்றெல்லாம் வரும். அவற்றை நம்புமுன் ஒரு மல்டிமீட்டர் தேவை. 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட வளைகோடுகள் காட்டியபடி, ஒலி குறையக் குறையக் காது பேஸை இன்னும் குறைவாகவே கேட்கிறது. சற்றே உரத்த ஆம்ப் அதனால் நிறைவாகத் தோன்றும். இரண்டையும் 0.1 டெசிபலுக்குள், அதாவது வோல்ட்டேஜில் சுமார் ஒரு சதவீதத்துக்குள், ஹெட்போன் இணைந்த நிலையிலேயே சமப்படுத்த வேண்டும். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். பெரும்பாலான 'திரைகள்' அப்போது விலகாமல் நின்றுவிடும்.

1985-இல் அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்கு ஒரு சவால் விட்டார். அவர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்பின் ஒலியைத் தன் மலிவான ஆம்பிலேயே கொண்டுவருவதாகச் சொன்னார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சும் வித்தியாசம் மிகச் சிறிதாகும்வரை தன் ஆம்பின் சர்க்யூட்டைத் திருத்தினார். இறுதியில் பத்திரிகையின் ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வாங்கப் போகிறவருக்கு: ஹெச்டி 650-க்கு டாங்கிளே ஆரம்பம், தாழ்ந்த பதிவுகள் கேட்பவர் ஆட்டம் அளவிலான ஆம்ப் வாங்கினால் அதோடு கணக்கு முடிந்தது. கிராக், கைவேலையில் ஆசையுள்ளவருக்கு. அந்த ஒரு டெசிபல் மட்டும் போதுமென்றால் விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளே அதைத் தந்துவிடும். சுஸ்வரா வாங்குபவர் 60 ஓமில் குறைந்தது 500 மில்லிவாட், முடிந்தால் ஒன்றரை வாட் தரும் ஆம்பைத் தேட வேண்டும். வால்வு ஆசை இருந்தால் வெளியீட்டு மின்மாற்றி உள்ளதைப் பார்க்கலாம். பழைய ஹெச்டி 650 வைத்திருப்பவர், புதிய ஆம்புக்கு ஆர்டர் போடுமுன் அதன் காது மெத்தைகளைத் தொட்டுப் பார்க்கட்டும். அவை அமுங்கித் தட்டையாகியிருந்தால், புதிய மெத்தை ஜோடி கொண்டுவரும் ஒலி மாற்றம் பல ஆம்ப் மாற்றங்களைவிடப் பெரிது.