'ஆனந்த்' படத்தில் வராத காட்சி

ரிஷிகேஷ் முகர்ஜியின் 'ஆனந்த்' (1971) படத்தைப் போன வாரம் பெண்ணாடத்தில் மாமா வீட்டில் மறுபடியும் பார்த்தேன். ராஜேஷ் கன்னாவுக்குக் குடலில் லிம்ஃபோசார்கோமா. அந்தப் பெயரையே மனுஷன் ரசிச்சு ரசிச்சுச் சொல்வார். நடிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனா இந்தத் தடவை எனக்கு அழுகை வரல, எரிச்சல்தான் வந்தது.

பெயர் பழசு என்பதற்காக இல்லை. அன்றைக்கு லிம்ஃபோசார்கோமா என்றதை இன்று லிம்ஃபோமா என்கிறார்கள். அது நிணநீர் அணுக்களில் வருவது. மென்திசு சார்கோமா வேறு. கொழுப்பு, தசை போன்றவற்றில் முளைக்கும். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

என் குறை என்னவென்றால், ஆனந்த் பம்பாய் வந்து இறங்கும்போதே நோய் இன்னதென்று முடிவாகிவிட்டது. மிச்சமிருப்பது அவன் எவ்வளவு அழகாகச் சாகிறான் என்பது மட்டும்தான். சார்கோமாவில் பாதிக் கதை அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடும்.

மாமாவுக்குத் தொடையில் கட்டி. வலியே கிடையாது. "கொழுப்புக் கட்டிதான்" என்று ஒரு சின்ன கிளினிக்கில் மரத்துப்போற ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்பவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எட்டே மாசத்தில் அதே தழும்புக்கு அடியில் மறுபடி வந்தது.

கட்டி 5 செ.மீ. தாண்டினாலோ, ஆழத்தில் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, கத்தி வைக்கும் முன் எம்.ஆர்.ஐ. எடுக்கணும். பிறகு தடித்த ஊசியால் கொஞ்சம் திசு எடுத்து பயாப்சி. ஊசி எந்த வழியாகப் போகணும் என்பதையும் அறுவை செய்யப்போகிற டாக்டரைக் கேட்டே முடிவு பண்ணணும். அந்த வழியில் புற்றணு சிந்தியிருக்கலாம் என்பதால், கட்டியோடு அதையும் சேர்த்து எடுப்பார்கள். மாமாவுக்கு முதல் கத்தி பட்ட இடம் முழுக்க, தழும்போடு, சுற்றியிருந்த நல்ல தசையோடு வெட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் கதிர்வீச்சு, வாரத்தில் அஞ்சு நாள். அதற்காகப் புதுச்சேரியில் ரூம் எடுத்து ஒன்றரை மாசம் தங்கினோம். காலை எடுக்காமல் விட்டதே பெரிசு.

படத்தில் அமிதாப்பின் டாக்டர் பாஸ்கர், ஆனந்தைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பரிசு வாங்குகிறார். அந்தக் காட்சி வரும்போது, காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமா கேட்டார்:

"ஏம்ப்பா, இவனுக்கு மொதல்ல சதை எடுத்துப் பாத்தது யாரு?"

"படத்துல அதெல்லாம் காட்டல மாமா" என்றேன்.