ஐப்பசிச் சக்கரங்கள்

ஸ்டுட்கார்ட் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மாப்பிள்ளையின் வீட்டு நிலவறையில், நம் ஊரில் நெல்மூட்டை அடுக்குவதுபோல நான்கு மோட்டார்ச் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, முன்வலம், முன்னிடம் என்று ஒவ்வொன்றின்மேலும் சாக்கட்டியால் குறிக்கப்பட்டிருந்ததைக் கண்டு, ஒரு வண்டிக்கு எட்டுச் சக்கரம் எதற்கு என்று கேட்டு நகைத்தவன் நான். அவர் பொறுமையாக விளக்கினார். அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்காலச் சக்கரம், மற்ற மாதங்களில் கோடைச் சக்கரம் என்பது அங்கே வாய்ப்பாடு. இரண்டு பெயரும் அவர்கள் பாஷையில் 'ஓ' என்னும் எழுத்தில் தொடங்குவதால் மனத்தில் நிற்பதும் சுலபம். பனி படிந்த சாலையில் தக்க டயரின்றிப் போனால் அபராதம் உண்டு. 2024 அக்டோபரிலிருந்து, மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்த டயரைத்தான் அந்தச் சட்டம் குளிர்கால டயர் என்று ஒப்புக்கொள்கிறது. வீட்டில் இடமில்லாதவர் மாற்றுச் சக்கரங்களை வாடகைக்குக் கடையில் விட்டுவைக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு 'டயர் ஹோட்டல்' என்றே பெயர். போர்ஷே காரின் சொந்த ஊரான அங்கே, கயென் போன்ற வேகமான பெருவண்டிக்காரர்களில் பலரும் குளிர்காலம் வந்ததும் ஓர் அங்குலமோ இரண்டங்குலமோ சிறிய சக்கரத்துக்கு இறங்கிவிடுகிறார்கள்.

என் நகைப்பு, கல்லலுக்குத் திரும்பி வந்த ஐப்பசியில் அடங்கிற்று.

என் வண்டி, குடும்ப வண்டியின் உடம்பில் பந்தய வண்டியின் இருதயத்தை வைத்ததாக விளம்பரம் செய்யப்படும் ஜாதி. குதிரைச் சக்தி முதலிய விவரங்கள் அந்த விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் கிடைக்குமாதலால் இங்கே அவற்றுக்கு வேலையில்லை. கம்பெனியின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. இருபது வருஷமாக அவர்கள் வண்டியையே வாங்கிவருகிற ஒருவன் காட்டக்கூடிய விசுவாசம், குறை சொல்லும்போது பெயரை விழுங்கிவிடுவதுதான். சொல்லவேண்டிய ஒரே சங்கதி, அது 18 அங்குல அலாய் வீலோடு, 215/55 R18 என்னும் அளவுள்ள டயரோடு வந்தது என்பது.

காளையார்கோவில் போகும் வழியில் ஒரு தரைப்பாலம். அன்று காலை கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து, செம்மண் கரைந்த நீர் கணுக்கால் அளவுக்குச் சாலையின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நீருக்கடியில் முந்திய இரவு மழை பறித்துவைத்திருந்த குழியை நான் எப்படிக் காண்பேன்? மெல்லத்தான் போனேன், ஆயினும் உலக்கையால் ஓங்கி இடித்தாற்போல ஒரு சப்தம். கரையேறி இறங்கிப் பார்த்தால் ரிம்மின் விளிம்பு மடங்கியிருந்தது. டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சங்காய் அளவு புடைப்பு. பஞ்சர்க் கடைக்காரத் தம்பி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல ரப்பர் இருந்தாத்தானேய்யா தாங்கும்? இது டயர் இல்லய்யா, வளையலு" என்றார். ஷோரூமில் எனக்கு ஒரு மணி நேரம் உபதேசம் செய்தவர்களில் ஒருவரும் சொல்லாத விமர்சனம் இது.

தம்பியின் வளையலைக் கணக்கில் எழுதிப் பார்ப்போம். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் ஒரே பெயருக்குள் குடித்தனம் செய்யும் இந்த விசித்திரத்தை நினைத்து வியக்க நேரமில்லை. 215இல் 55 பங்கு என்றால் 118 மில்லிமீட்டர் ரப்பர். இதே வண்டியின் விலை குறைந்த ரகத்தில் வரும் 215/60 R17இல் அது 129. வித்தியாசம் பதினொரு மில்லிமீட்டர். ஒரு விரற்கடைக்கும் குறைவு. சக்கரத்தின் மொத்த உயரமோ ஏறத்தாழ 694இலிருந்து 690க்கு, வெறும் நான்கு மில்லிமீட்டரே குறைகிறது. ஆகவே வேகமானி பொய் சொல்லாது, வண்டியும் தரையை நோக்கித் தாழாது. இன்னும் ஒரு படி இறங்கி 205/65 R16 போடலாமே என்றார் தம்பி. அதில் ரப்பர் 133. ஆனால் சக்கரம் இருபது மில்லிமீட்டருக்குமேல் சிறுத்துப்போகும், பெரிய பிரேக் உள்ள வண்டியில் ரிம்மின் உட்புறம் காலிப்பரில் இடிக்கவும் கூடும். எனவே 17 என்று தீர்மானித்தேன்.

பனிக்கால டயரையே தருவித்துவிடலாம் என்று மாப்பிள்ளை தொலைபேசியில் அபிப்பிராயப்பட்டார். அது அன்பினால் வந்த அறியாமை. ஏழு டிகிரிக்குக் கீழே போனாலும் இறுகாதபடி மிருதுவாகச் செய்த ரப்பர் அது. மார்கழி விடியலில்கூடக் கம்பளி தேடாத நம் சாலையில் விரைவாகத் தேய்ந்து, வளைவில் குழைந்து, பிரேக் மிதித்தால் தாமதித்து நிற்கும். நமக்குப் பகை பனியல்ல, நீர். தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதியை ஐப்பசியும் அதன் அண்டை மாதங்களும் கொட்டித் தீர்க்கின்றன. ஆகவே அகலமான நீளவாட்டுப் பள்ளங்கள் கொண்ட, நீரை வாரி வெளியே தள்ளுகிற சாதாரண டயரே நமக்குக் குளிர்கால டயர்.

வாங்கிய கதை தனிப் புராணம். மதுரையில் ஒரு கடையில், பளபளக்கும் ரிம் நான்கைக் காட்டி, ஐந்து நட்டும் சரியாகப் பொருந்துகிறது பாருங்கள் என்றார்கள். பொருந்தத்தான் செய்தது. ஆனால் என் வண்டியின் ஹப் 67.1 மில்லிமீட்டர், எல்லா வண்டிக்கும் ஆகும்படி வார்த்த அந்த ரிம்மின் நடுத்துளை 73.1. இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. அதைப் போடாமல் மாட்டி அனுப்பியதால், மேலூர் தாண்டி எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங், சாமியாடியின் கைபோல நடுங்கத் தொடங்கிற்று. டயரிலோ இன்னொரு ரகசியம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3622 என்றால் 2022ஆம் வருஷத்தின் 36ஆவது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். பெண் பார்க்கப் போகிறவர் ஜாதகம் கேட்பதுபோல அதைக் கேட்டுப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கவேண்டும். எனக்கு முதலில் நீட்டியவை மூன்று வருஷக் கிழங்கள். கடைசியில் ரிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்பெனியே செய்யும் 17 அங்குல ரிம்மையும் புதிய டயரையும் வாங்கினேன். 96H என்று அதில் பொறித்திருக்கிறது: டயர் ஒன்றுக்கு 710 கிலோ சுமை, 210 கிலோமீட்டர் வேகம். கல்லல் ரயில்வே கேட்டுக்கு இது போதாது என்பவர் இருந்தால் அவர் தனியே வந்து பேசலாம்.

பத்து வாரம் ஓட்டியாயிற்று. காரைக்குடிக்கு வாரம் நான்கு முறை, சிவகங்கைக்கு இரண்டு முறை, நடுவே ஒரு கல்யாணத்துக்காகக் கொட்டும் மழையில் மதுரை. பதினொரு மில்லிமீட்டர் ரப்பர் ஒரு மனிதனின் சுபாவத்தையே மாற்றும் என்று எவரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் என்னையறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பது, கடிப்பதை நிறுத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. பின்னிருக்கையில் என் மனைவி, ஒக்கூர் தாண்டுமுன் உறங்கிவிடுகிறாள். நீர் தேங்கிய இடத்தில் முன்பு ஸ்டீயரிங் ஒரு கணம் கனமற்றுப் போகும். இப்போது அந்த அச்சமில்லை. ஆனால் நியாயமாகச் சொன்னால், இதன் புகழில் பாதி சக்கரத்தின் அளவுக்கல்ல, பட்டனின் ஆழத்துக்கே சேரவேண்டும். பழைய டயரில் பட்டன் தேய்ந்திருந்தது. 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் பொறுக்கிறது. தண்ணீர் அவ்வளவு தயாளகுணம் உடையதல்ல.

காற்றையும் மறக்கக்கூடாது. 1963இல் நாசாவின் ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களைக் கொண்டு ஆராய்ந்து, டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியது என்று எழுதினார்கள். அந்தச் சூத்திரப்படி 33 பவுண்டு காற்றுக்கு 96 கிலோமீட்டர் வேகம். 25 பவுண்டுக்கு இறங்கினால் 83. மோட்டார் டயருக்கு இதை அப்படியே பொருத்த முடியாதென்றாலும், மழைநாளில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கச் சொல்லும் டீக்கடை நிபுணர்களுக்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

குறைகள் உண்டு. சாலை வளைவில் வண்டி முன்போலச் சட்டென்று திரும்பாமல் ஒரு கணம் யோசித்துத் திரும்புகிறது. பார்வைக்கு வாடகை வண்டியாகிவிட்டது என்று என் மகன் படத்தைப் பார்த்துவிட்டு விசனப்பட்டான். புதிய சக்கரங்களில் காற்றழுத்த உணரி இல்லாததால், முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு, பூஜையறைத் தூங்காவிளக்குப்போல அணையாமல் எரிகிறது. நான்கு உணரிக்கும் சர்வீஸில் சொன்ன விலையைக் கேட்டு, எரியட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்டெப்னியோ 16 அங்குலம், எண்பதுக்குமேல் ஓட்டாதே என்ற எச்சரிக்கையுடன். ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரின் ஒரு தெருப் பெயர். 1904இல் அங்கே இரு சகோதரர்கள் உபரிச் சக்கரத்தை உண்டாக்கி விற்றார்கள். சொல்லை நாம் இன்றும் விடவில்லை. ஆனால் அழுத்த உணரியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் உபரிச் சக்கரமே வேண்டாம் என்று 2020இல் நம் அரசாங்கம் கம்பெனிகளுக்கு விலக்கு அளித்துவிட்டது. சீமைக்கருவேல முள் பக்கச்சுவரில் ஏறினால் எந்தப் பசை ஒட்டும்? மதுரையில் சுந்தரம் ஐயங்கார் பஸ் நடத்திய காலத்தில், மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகளைப் பொறுக்கச் சாலையில் காந்தம் கட்டிய வண்டியை முன்னே அனுப்புவாராம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முள்ளுக்குக் காந்தம் இல்லை.

பொங்கல் கழிந்ததும் 18 அங்குலத்துக்குத் திரும்புவதென்பது என் திட்டம். மடங்கிய விளிம்பைத் தட்டி நிமிர்த்தி, நான்கையும் துடைத்து, இரண்டாம் கட்டில் பித்தளை அண்டாக்களுக்குப் பக்கத்தில் அடுக்கி, மாப்பிள்ளை செய்ததுபோலவே சாக்கட்டியால் குறித்தும் வைத்திருக்கிறேன். தை போய் மாசி பிறந்துவிட்டது. மாசிப் படைப்புக்கு அண்டா எடுக்கவேண்டும், அந்தச் சனியன்களை எப்போது நகர்த்துவீர்கள் என்று மனைவி நேற்றும் கேட்டாள். பங்குனி கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.