மூன்று கண் வீனஸும் மூன்று மில்லியன் டாலரும்



மாணவர்களின் திறனாய்வுக் கட்டுரைகளில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி எட்டிப் பார்க்கும். ஒன்று: "இது அந்தக் காலத்துப் படைப்பு, அதனால் இதற்குத் தனி அழகு உண்டு." இன்னொன்று: "இது பெரும் விலைக்குப் போனது, ஆகவே இது உயர்ந்த படைப்பு." எழுத ரொம்பச் சுலபம். ஆனால் கவனிச்சீங்களா, இரண்டிலும் படைப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முதலாவது வயதைச் சொல்கிறது. இரண்டாவது விலைச்சீட்டை வாசிக்கிறது.

இந்த இரண்டு வாக்கியங்களும் கைகோத்து நின்ற ஒரு சம்பவத்தை இந்த முறை எடுத்துக்கொள்வோம். இலக்கியம் இல்லை, ஓவியம். அதுவும் பழைய வீட்டுக் கணினியில் வரைந்தது. இதுக்கும் தமிழ்ப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

1985 ஜூலை 23. நியூயார்க் லிங்கன் சென்டரில் கொமடோர் நிறுவனம் 'அமிகா' என்ற கணினியை அறிமுகம் செய்தது. மேடைக்கு ஆண்டி வார்ஹோலை அழைத்திருந்தார்கள். 1962-இல் கேம்பெல் சூப் டின்களை வரிசை வரிசையாக வரைந்து பெயர் வாங்கிய அதே வார்ஹோல்தான். பாடகி டெபி ஹாரியின் முகத்தைக் கேமராவில் பிடித்துத் திரையில் போட்டார்கள். வார்ஹோல் சுட்டியைப் பிடித்து அந்த முகத்துக்கு நிறம் ஊற்றினார். ஊற்றினார் என்பதுதான் சரியான சொல். ஓர் இடத்தில் சொடுக்கினால் அந்தப் பகுதி முழுக்க வண்ணம் நிறைந்துவிடும். இன்று பாலர் பள்ளிப் பிள்ளை கைப்பேசியில் செய்கிற வேலை. அன்று அது மேடை போட்டுக் காட்ட வேண்டிய புதுமை.

அந்தக் கணினியில் ஒரு படம் என்றால் குறுக்கே 320, நெடுக்கே 200 புள்ளிகள். ஆக 64,000 புள்ளிகள். 4,096 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 32 நிறங்களைத் தேர்ந்து பயன்படுத்தலாம். இன்றைய கைப்பேசிக் கேமரா எடுக்கிற ஒரு படத்தில் ஒரு கோடிக்கு மேல் புள்ளிகள் இருக்கும். விலையையும் சொல்லிவிடுகிறேன்: திரை இல்லாமல் 1,295 அமெரிக்க டாலர். அன்றைய நாணய மாற்றில் மூவாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். "அந்தக் காலத்துல எல்லாம் எளிமையா, மலிவா இருந்துச்சு" என்று சொல்பவர்கள் இந்த எண்ணை வசதியாக மறந்துவிடுவார்கள்.

வார்ஹோல் பிறகு தனியாகவும் அமிகாவில் சில படங்கள் செய்தார். 1987-இல் அவர் இறந்துபோனார். நெகிழ்வட்டுகள் பிட்ஸ்பர்க்கில் உள்ள அவருடைய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் கிடந்தன. கோரி ஆர்கேஞ்சல் என்ற கலைஞர் அந்தப் பழைய மேடை நிகழ்ச்சியின் காணொளியைப் பார்த்துவிட்டுத் தேடத் தொடங்கினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழகத்து மாணவர்கள் வட்டுகளைச் சேதப்படுத்தாமல் நகலெடுத்து, யாருக்கும் பழக்கமில்லாத கோப்பு வடிவத்தைப் புரிந்துகொண்டு, படங்களை வெளியே கொண்டுவந்தார்கள். 2014-இல் செய்தி வந்தது: 28 படங்கள், அவற்றில் 11-இல் வார்ஹோலின் கையொப்பம். செல்லரித்த ஏட்டை விரித்து, எழுத்தைக் கூட்டிப் படித்து, மூலம் எது என்று உறுதிசெய்த உ.வே.சாமிநாதையரின் வேலையை நினைத்துப் பாருங்கள். அதே இனத்து வேலை இது.

சரி, படங்களுக்கு வருவோம். விமர்சனம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

வீனஸ் படத்தில், போட்டிசெல்லி வரைந்த அந்தப் புகழ்பெற்ற முகத்தில் மூன்றாவதாக ஒரு கண் ஒட்டப்பட்டிருக்கிறது. நம்மவர்கள் பார்த்தால் உடனே நெற்றிக்கண் என்று பொருள் சொல்லி ஒரு பத்தி எழுதிவிடுவார்கள். வேண்டாம். அங்கே நடந்தது எளிமையானது: இருக்கிற கண்ணை நகலெடுத்து வேறிடத்தில் வைத்திருக்கிறார். நகலெடுப்பதே தொழிலாக வாழ்ந்த ஓவியருக்கு, ஒரு நொடியில் நகலெடுக்கிற கருவி கிடைத்திருக்கிறது. அவர் அதைச் சும்மா ஒருமுறை அழுத்திப் பார்த்திருக்கிறார். விளையாட்டு என்ற அளவில் ரசிக்கலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது என் தீர்ப்பு.

சூப் டின் படம் வேறு. 1962-இல் அவர் வரைந்த டின்கள் கை படாமல் இயந்திரம் அச்சடித்தது போல இருக்கும். அதுவே அவற்றின் பேச்சு. கணினியில் வரைந்த டின்னோ கோணல்மாணலாக நிற்கிறது. கோடு நடுங்குகிறது, எழுத்து தள்ளாடுகிறது. சுட்டியைப் பிடித்துப் பழக்கமில்லாத கை அது. தூரிகையை வைத்துக்கொண்டு தன் கையை மறைத்தவர், இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் கையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். அந்த முரண் எனக்குப் பிடித்திருக்கிறது. 64,000 புள்ளிகளில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி கோடு போடப் பழகுவது தெரிகிறது. படத்தின் மதிப்பு அங்கே இருக்கிறது. 1985 என்பதிலும் இல்லை, வார்ஹோல் என்ற பெயரிலும் இல்லை.

இனி விலை. 2021 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் இந்தப் படங்களில் ஐந்தை என்.எஃப்.டி. வடிவில் விற்றது. என்.எஃப்.டி. என்றால், இந்தக் கோப்பு இன்னாருக்குச் சொந்தம் என்று பிளாக்செயின் பதிவேட்டில் எழுதிவைக்கும் சான்று. படத்தை யார் வேண்டுமானாலும் திரையில் பார்க்கலாம், பதிவு மட்டும் வாங்கியவர் பெயரில். ஐந்தும் சேர்ந்து மூன்று மில்லியன் டாலருக்கு மேல் போயின. பணம் கலைஞர்களுக்கு உதவும் வார்ஹோல் அறக்கட்டளைக்குச் சென்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் விற்கப்பட்டது எது? 320-க்கு 200 புள்ளி கொண்ட அந்தச் சின்னக் கோப்பா? இல்லை. பல மடங்கு பெரிதாக்கிய படம். மீட்புப் பணியோடு தொடர்புடைய கார்னகி மெலன் பேராசிரியர் கோலன் லெவின் உட்படச் சிலர் இதை வெளிப்படையாகக் குறை சொன்னார்கள்: இவை மூலக் கோப்புகளே அல்ல என்று. ஏட்டுச் சுவடியைப் பத்திரமாக வைத்துவிட்டு, அதிலுள்ள பாட்டைப் பளபளப்பான பெரிய தாளில் அச்சடித்து, "இதுதான் மூலச்சுவடி" என்று ஏலம் விட்டால் நாம் சும்மா இருப்போமா? வாங்கியவர்கள் விரும்பியது அந்தக் காலத்து வாசனை. அவர்களுக்குக் கிடைத்தது வாசனை தெளித்த புதுத்துணி.

இந்த வாசனைக்குத்தான் சந்தை பெரிது. 1982-இல் வந்த கொமடோர் 64, அதே ஆண்டு பிரிட்டனில் 125 பவுன் விலையில் தொடங்கிய சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஆகியவற்றின் கட்டங்கட்டமான படங்களைப் பார்த்தாலே நெகிழ்ந்துபோகிற ஒரு தலைமுறை மேற்கில் உண்டு. ஸ்பெக்ட்ரத்தில் 8-க்கு 8 புள்ளிக் கட்டம் ஒன்றுக்குள் இரண்டு நிறம்தான் வைக்கலாம். மூன்றாவது நிறம் நுழைந்தால் பக்கத்து நிறத்தைத் தின்றுவிடும். அன்று எரிச்சலூட்டிய குறை, இன்று 'அந்தக் காலத்து அழகு'. 2017-இல் வெளிவந்த 'கிரிப்டோபங்க்ஸ்' முகப்படங்கள் இந்தத் தோற்றத்தையே உடுத்திக்கொண்டன. 24-க்கு 24 புள்ளி, மொத்தம் 10,000 முகங்கள். தொடக்கத்தில் பெரும்பாலானவை இலவசமாகவே கொடுக்கப்பட்டன. 2021-இல் ஒன்பது முகங்கள் ஒன்றாகக் கிறிஸ்டீஸில் ஏறத்தாழ 17 மில்லியன் டாலருக்குப் போயின.

"அன்று இயந்திரம் போட்ட கட்டுப்பாடு உண்மை, இன்று வேண்டுமென்றே போட்டுக்கொள்கிற கட்டுப்பாடு பொய்" என்று ஒரு மாணவர் எழுதினால் நான் முழு மதிப்பெண் தர மாட்டேன். ஏன் தெரியுமா? வெண்பாவும் வேண்டுமென்றே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுதான். ஏழு சீரில் எழுது என்று வள்ளுவரை எந்த இயந்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பது கேள்வி இல்லை. அது படைப்புக்குள் என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி. தளை தட்டாமல் எழுதிய ஆயிரம் வெண்பாக்கள் யாரும் படிக்காமல் கிடக்கின்றன, இல்லையா?

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் கிரிப்டோபங்க்ஸ் தேறவில்லை. தொப்பி, தாடி, கண்ணாடி, சிகரெட் என்ற உறுப்புகளை நிரல் ஒன்று மாற்றி மாற்றிச் சேர்த்துக் கொடுத்த முகங்கள் அவை. ஒரு புள்ளியை இங்கே வைக்கலாமா, அங்கே வைக்கலாமா என்ற தவிப்பு எந்தத் தனிமுகத்திலும் தெரியவில்லை. பத்தாயிரத்தையும் ஒன்றாக விரித்துப் பார்த்தால் ஒரு சுவையான ஏற்பாடு என்று சொல்லலாம், அவ்வளவுதான். எந்த உறுப்பு அரிது என்பதைப் பொறுத்து விலை ஏறியது. அது தபால்தலை சேகரிப்பவரின் கணக்கு.

இங்கே மூன்றாவது வாக்கியம் ஒன்று நுழையும். அதுதான் நமக்கு ஆபத்தானது. 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற அமெரிக்கக் கலைஞர் நாளுக்கு ஒன்றாக 5,000 நாள் செய்த படங்களின் தொகுப்பு 69.3 மில்லியன் டாலருக்கு விலைபோனது. வாங்கியவர் சிங்கப்பூரில் வசித்த தமிழர், விக்னேஷ் சுந்தரேசன். 'மெட்டாகோவன்' என்ற புனைபெயரில் வாங்கினார். பெயருக்குள் நம்முடைய 'கோ' ஒளிந்திருப்பதைத் தமிழாசிரியர்கள் உடனே பிடித்துவிடுவீர்கள். இந்தியர்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் கலையின் புரவலர் ஆக முடியும் என்று காட்டுவதும் தங்கள் நோக்கம் என்று அவரும் அவருடைய கூட்டாளியும் பின்னர் எழுதினார்கள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் "தமிழர் வாங்கினார்" என்பதும் படைப்பைப் பற்றிய வாக்கியம் ஆகாது. பீப்பிளின் 5,000 படங்களில் உழைப்பு இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது. சின்னச் சின்னச் சதுரங்களாக ஒரே பரப்பில் அடுக்கியபோது அது ஓவியத்தைவிட நாட்குறிப்பின் அட்டை மாதிரிதான் தெரிகிறது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிக்க வேண்டியதைத் தூரத்தில் நின்று கம்பளமாகப் பார்க்கச் சொல்கிறார்கள். இனப்பற்றுக்காக நான் இதை மாற்றிச் சொல்ல முடியாது. நீங்களும் விடைத்தாளில் மாற்றிச் சொல்லாதீர்கள்.

மில்லியன் கணக்கு நமக்குத் தூரம். பத்து வெள்ளி, இருபது வெள்ளி தூரமில்லை. கணினியில் வரைகிற மாணவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். டாஸ் ஸ்டூடியோ போன்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம்; உள்ளே நிறுத்துகிற உருவம், அதற்கு உடை, முடி, பின்னணி பெரும்பாலும் காசு. வரைபலகைச் செயலிக்குத் தூரிகைத் தொகுப்பு தனியாக விற்கிறார்கள். இன்று மட்டும் பாதி விலை என்பார்கள். வாங்கினால் வரைந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வரும், படம் வராது. இதைச் சிரிக்க வேண்டாம்: மார்ச் மாதத்தில் பயிற்சி நூல் ஐந்தாறு வாங்கி அடுக்கிவிட்டுத் தேர்வுக்கு முந்தின வாரம்வரை திறக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

கடைசியாக, அந்த ஏக்கம் யாருடையது என்று கேட்க வேண்டும். அந்தப் பழைய கணினிகளில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடம் 8-க்கு 8 புள்ளி. ஆங்கில எழுத்து சௌகரியமாக உட்காரும். 'ண' உட்காராது, அதன் சுழிகளுக்கு அகலம் போதாது. 'கெ' என்றால், மெய்க்குப் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் வந்து நிற்க வேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும். இதையெல்லாம் அந்தப் பெட்டிகள் எதிர்பார்க்கவே இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளுக்காகவும், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' மென்பொருளுக்காகவும் மல்லுக்கட்டியது இந்த மாதிரி இடப் பற்றாக்குறையோடும் சேர்த்துத்தான். மேற்கத்தியத் தலைமுறை நெகிழ்ந்து பார்க்கிற அதே கட்டத்துக்கு வெளியே நம் எழுத்து நின்றுகொண்டிருந்தது.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். கணக்குப் பாடத்தின் கட்டத்தாளில் 8-க்கு 8 சதுரம் வரையச் சொல்லுங்கள். கட்டத்தை முழுதாக நிரப்பலாம், இல்லை காலியாக விடலாம். பாதி நிரப்பக் கூடாது. முதலில் 'ப', 'ட'. பிறகு 'ந', 'ம'. அதன் பிறகு 'ஞ', 'ண', 'ணை'. ஒவ்வொருவரும் எந்த வளைவை வெட்டினார்கள், எதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பக்கத்துக் கட்டத்தைக் கடன் வாங்கினார்கள் என்று ஐந்து வாக்கியம் எழுதட்டும். 'ஞ'வுக்கு எப்படியும் இரண்டு கட்டம் கேட்பார்கள்.