நாரையும் ஆசாரியனும்

நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எழுந்த பழைய வியாக்கியானங்களுள், திருவரங்கத்தில் நம்பிள்ளை அருளிய விளக்கங்களைக் கேட்டு அவருடைய சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படியே ரசனையில் தலைசிறந்தது என்பது என் துணிபு. ஆயினும், பாசுரத்தின் வெளிப்பொருளுக்கு அடியில் வைணவ சம்பிரதாயத்தின் தத்துவார்த்தத்தைக் கண்டு சொல்லும் ஸ்வாபதேசம் என்னும் முறை கவிதைக்கு எவ்வளவு துணை நின்றது, எவ்வளவு ஊறு செய்தது என்பதை நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியை எடுத்துக்கொள்வோம். பிரிவாற்றாத தலைவி பறவைகளைத் தூது விடும் பதிகம் அது. முதற்பாசுரத்தில் அவள் விளிப்பது ஒரு பெண் நாரையை. விளிக்கும்போதே அதன் சிறகின் அழகைச் சொல்லிவிடுகிறாள். கண் ஏன் முதலில் சிறகில் சென்றது? பறந்துபோய்க் காரியத்தை முடித்துத் தருவதற்குரிய கருவி அதுவன்றோ என்னும் கருத்துப்பட விளக்குகிறது ஈடு. ஓர் அடைமொழிக்குள் ஒரு பெண்ணின் தவிப்பு முழுவதையும் கண்டுவிட்ட அந்த நுண்ணுணர்வுக்கு ஈடாக வேறோர் உரையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதே நாரை ஸ்வாபதேசத்தில் ஆசாரியனாகிறது. இரு சிறகுகளும் ஞானமும் அனுஷ்டானமும் ஆகின்றன. இதனை வெறும் வலிந்த பொருள் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. இறைவனைத் தானே சென்று எட்டமாட்டாத உயிருக்கு இடையில் நின்று உதவுபவன் ஒருவன் வேண்டும் என்பது அந்தச் சமயத்தின் உயிர்நிலையான கொள்கை. தூது என்னும் பழைய அகத்துறை அக்கொள்கையோடு இயல்பாகவே பொருந்துகிறது. அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹிருதயம் தாய், தோழி, மகள் என்னும் மூன்று நிலைகளுக்கும் தத்துவம் கூறியதும் இவ்வழியில்தான். துறவியரும் கூடியிருந்த கோஷ்டியில் ஒரு பெண்ணின் காதற்புலம்பல் கூச்சமின்றி ஓதப்படவும், சங்க காலத்து அகமரபு கோயிலுக்குள் தொடர்ந்து வாழவும் இம்முறை பெருந்துணை புரிந்தது.

ஆனால் அந்த நாரை தனியே நிற்கவில்லை. அதன் சேவலும் உடன் இருக்கிறது. துணையைப் பிரிந்தவள் துணையோடு கூடிய பறவையைப் பார்த்து, இருவருமாகச் சென்று இரங்குங்கள் என்று கெஞ்சுகிறாள். அவள் நெஞ்சைச் சுடுவதும், அவளுக்கு நம்பிக்கை தருவதும் அந்த ஒரே காட்சிதான்: பிரிவை அறியாத இரண்டுக்கும் என் பிரிவு புரியுமோ என்ற ஐயமும், கூடியிருப்பவை ஆதலால் இரங்குமே என்ற ஆசையும் அங்கே ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பறவையென்றால் ஆசாரியன், சிறகென்றால் ஞானம் என்று அகராதி போல் ஒப்பித்துச் செல்லும்போது இந்தச் சேவலுக்கு வேலையில்லாமல் போகிறது. இக்குற்றம் ஈட்டைவிட, அதன் முடிவுகளை மட்டும் எடுத்துச் சொல்லும் பிற்காலத்தாரிடமே மிகுதி. ஈடோ தத்துவத்தை நாடுமுன் தலைவியின் பக்கத்தில் நெடுநேரம் அமர்ந்திருக்கிறது. தெய்வத்தைத் தேடும் தாபம் ஒரு நீர்ப்பறவையின் சிறகில் வந்து தங்கியதே இப்பாசுரத்தின் புனிதம் என்று நான் கருதுகிறேன். சிறகு மறைந்தால் தாபமும் வெறுங்கொள்கையாகிவிடும்.

ஈடு எழுதப்பட்ட, வடமொழி கலந்த மணிப்பிரவாள நடை பழகாதவர்க்கும் பு. ரா. புருஷோத்தம நாயுடு செய்த ஈட்டின் தமிழாக்கம் வழி திறந்திருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பாசுரத்தை முதலில் வாய்விட்டுப் படித்து, பெடையும் சேவலும் அருகருகே நிற்பது கண்ணுக்குத் தெரியும்வரை உரையின் பக்கம் போகாமல் இருப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.