பேச்சு ஆங்கிலத்தில் மிகைச்சொற்கள்

ஏற்காட்டின் மார்கழிக் குளிரை ‘வெரி கோல்ட்’ என்பது பாட ஆங்கிலம். ‘ப்ரிட்டி கோல்ட்’, ‘ஆஃபுலி கோல்ட்’ என்பன பேச்சு ஆங்கிலம். இங்கே ‘ப்ரிட்டி’ அழகைக் குறிப்பதன்று. ‘வெரி’யைவிட ஒரு படி குறைந்த அளவைக் காட்டும். ‘ஆஃபுலி’ அச்சத்தில் பிறந்து வெறும் மிகுதியாகத் தேய்ந்தது.

தமிழருக்கு இது புதிதன்று. ‘பயங்கரமா நல்லா இருக்கு’ என்பதில் பயம் ஏது? ‘ரொம்ப’வும் ‘நிரம்ப’ என்பதன் திரிபே. உறு, தவ, நனி ஆகியவற்றைத் தொல்காப்பிய உரியியல் மிகுதிப் பொருளில் வைத்தது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்தது. அவற்றின் இடத்தில் இன்று ‘செம’ நிற்கிறது. இத்தகைய சொற்களைக் கொச்சை என்று ஒதுக்கும் கையேடுகளால் மாணவருக்குப் பயனில்லை.

‘டூ’ என்பதில்தான் சிக்கல் பெரிது. ‘டூ குட்’ என்று நம்மவர் பாராட்டுவர். இலக்கணப்படி அது அளவு மீறியதைக் குறிக்கும். ‘டூ...டூ’ வாக்கியத்தை ‘சோ...தட்’ ஆக மாற்றும்போது மாணவர் ‘நாட்’டை விட்டுவிடுவதும் இந்தக் குழப்பத்தால்தான்.